துறவியின் இடுப்பில் ஐந்து கட்டுகள்

ஸ்மிலோவ்
மார்ச் 19

அன்பு மகள் கிங்காவுக்கு,

சேசுவுக்கே புகழ். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீயும் மாப்பிள்ளை ஸ்வெரெயும் பேத்தி லிவ்வும் அந்த நோர்வே மழையில் நனையாமல், இருமாமல், நல்ல பசியோடு இருக்க வேண்டும். இங்கே நானும் உன் சித்தி லூசினாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு அவளால் தலைவலி. மற்றபடி குறையில்லை.

போனில் பேசினால் நான் உன்னை வாயே திறக்க விடுவதில்லையாம், அதனால் இனி எல்லாவற்றையும் எழுதித்தான் கேட்கப் போகிறாயாம். நல்லது மகளே. எழுத்தில் நான் இன்னும் கெட்டிக்காரன். ஏழாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் நான் எழுதிய ஒரு கட்டுரையை வாத்தியார் பள்ளிக்கூடம் முழுக்கப் படித்துக் காட்டினார். இதை எழுதும்போதே சித்தி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "படிச்சுக் காட்டுனது நிஜம். எப்படி எழுதக் கூடாதுன்னு காட்டத்தான்" என்கிறாள். அவளை விடு.

நீ கேட்டது சைக்கிள் பாதை பற்றி. ஒன்பது வயதுப் பிள்ளை ஓட்டலாமா, கார் வருமா என்று. கார் என்ன, ஒரு டிராக்டர்கூட அந்தப் பாதையில் வர முடியாது. பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்கு ரயில் போன தடம் அது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு வழவழவென்று தார் போட்டுவிட்டார்கள். ஒல்ஷினிலிருந்து எங்கள் ஊர் வரை பதினெட்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறைக் குன்றுகள். நடுவில் நாலு இடிந்த கோட்டை. ரயிலே ஏறிய லேசான மேடு என்பதால் குழந்தைக்கு மூச்சு வாங்காது. நானே ஒருமுறை சைக்கிளுக்குப் பின்னால் வண்டி கட்டி, அதில் நூற்றைம்பது கிலோ பன்றியை ஏற்றிக்கொண்டு ஒல்ஷினிலிருந்து முப்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தேன். பன்றிக்குத்தான் மூச்சு வாங்கியது.

இன்னொன்றும் கேட்டிருந்தாய். கேட்டாய் என்ன, கட்டளை போட்டிருந்தாய். லிவ்விடம் துறவியின் கதையைச் சொல்லக் கூடாது. சரி, சொல்லவில்லை. உனக்கு எட்டு வயதில் சொன்னதற்கே உன் அப்பா, என் கூடப் பிறந்த அண்ணன், என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. கடைசிக் கோட்டைக்கும் ஊருக்கும் நடுவில் பாதையோரம் நிற்கும் அந்தப் பாறை முன்பு ஒரு துறவி என்றும், கோட்டைச் சீமாட்டியின் மேல் ஆசை வைத்துக் கல்லாய்ப் போனார் என்றும், நூறு வருடத்துக்கு ஒரு அடி எடுத்து வைக்கிறார் என்றும்தான் சொன்னேன். "இந்த வருஷத்தோட நூறு முடியுதுடி, காலைத் தூக்கப் போறாரு" என்று கடைசியில் சேர்த்தது என் சொந்தச் சரக்கு. நீ கோயிலில் முதல் தடவையாகப் புதுநன்மை அப்பம் வாங்கும் வெள்ளை உடுப்போடு வரிசையிலிருந்து அலறிக்கொண்டு ஓடினாய். பங்குச் சாமியாரே பயந்துவிட்டார். ஆகவே மாதா மேல் ஆணை: பிள்ளையைப் பயமுறுத்தும் ஒரு சொல் என் வாயிலிருந்து வராது, பேனாவிலிருந்தும் வராது.

பாதைக்கு இப்போது நான்தான் அதிகாரி, தெரியுமா? பஞ்சாயத்து அலுவலகத்தில் எனக்கு ஒரு மஞ்சள் சட்டை, ஒரு துடைப்பம், ஒரு தள்ளுவண்டி கொடுத்திருக்கிறார்கள். கிராக்கோவிலிருந்து ஸெலினா என்று ஒரு பொறியாளர் பெண் போன செப்டம்பரில் வந்து, துறவியின் இடுப்பில் முதுகுப்பக்கமாக ஓடும் பழைய விரிசலைப் பார்த்தாள். அதன் குறுக்கே ஐந்து இடத்தில் உள்ளங்கை நீளத்துக்கு மாவுக்கட்டு போட்டாள், கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடுவார்களே அதே வெள்ளை மாவு. ஒவ்வொன்றின் மேலும் "செப்டம்பர் 14" என்று எழுதினாள். ஏணியைப் பிடித்தது நான்தான். "இது சாட்சிங்க ஐயா, நீங்க தொடக் கூடாது. உடைஞ்சா உடனே எனக்குப் போன் பண்ணணும்" என்றாள். "பாறை என்ன திருடிச்சு, சாட்சி வைக்க?" என்று கேட்டேன். சிரித்தாள். பாவம், மெலிந்த பெண், பேருந்தில் மூன்று மணி நேரம் வந்திருக்கிறாள்.

பனி உருகும்போது ஒரு கட்டு உடைந்துவிட்டது. இதற்காக அவளை அவ்வளவு தூரம் வரவழைப்பேனா? இருபது வருடம் குவாரியில் கொத்து வேலை பார்த்தவன் நான். மாவைக் குழைத்தேன், அவள் போட்டதைவிட அழகாகப் பூசினேன், அவள் கையெழுத்து மாதிரியே "செப்டம்பர் 14" என்று எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாது.

அந்த இடத்தில் தினமும் காலையில் ஒரு கை நிறையச் சின்னக் கல் கிடக்கிறது. பெருக்கிவிடுகிறேன். பாதை கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஜூனில் நற்கருணைப் பவனி விடுமுறைக்கு நிச்சயம் வாருங்கள். இரும்புப் பானையில் உருளைக்கிழங்கு, பன்றிக்கறி, பீட்ரூட் எல்லாம் அடுக்கி, மேலே முட்டைக்கோஸ் இலை மூடி, நெருப்பில் வைத்துத் தருகிறேன். மாப்பிள்ளை மீனை மறந்துவிடுவார்.

ஆசீர்வாதங்களுடன்,
வலென்டி சித்தப்பா


ஸ்மிலோவ்
ஏப்ரல் 27

அன்பு மகள் கிங்காவுக்கு,

உங்கள் மூவரையும் காவல் தூதர்கள் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். விமானச் சீட்டு எடுத்துவிட்டதாக நீ எழுதியதைப் படித்து உன் சித்தி இப்போதே திரைச்சீலைகளைத் துவைத்துவிட்டாள். ஜூனுக்குள் இன்னும் நாலு தடவை துவைப்பாள்.

லிவ்வின் புது சைக்கிள் படம் வந்தது. சிவப்பு நல்ல நிறம், தூரத்திலிருந்தே தெரியும். அவள் ஒரு மணி வேண்டும் என்றாளாம். ஸ்மிலோவில் என்னிடம் முப்பது மணி இருக்கிறது, ஒன்று பழைய ராணுவத் தளபதி ஒருவருடையது. (தபால்காரருடையது என்று சித்தி சொல்லுவாள். தளபதியின் தபால்காரர்.)

பாதை செய்தி. துறவியின் கட்டுகள் மறுபடி உடைந்தன. முதலில் இரண்டு, ஈஸ்டர் கழிந்து மூன்று. நான் மாவில் சிமெண்ட் கலந்து போட்டேன், அதுவும் போயிற்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது மகளே. என் கையால் பூசியது உடைந்ததாகச் சரித்திரம் கிடையாது. குவாரி மேலாளர் வீட்டுக் குளியலறைச் சுவரை நான்தான் பூசினேன், வீடு இடிந்த பிறகும் அந்தச் சுவர் நிற்கிறது. வார விடுமுறைக்குக் கயிறு கட்டி ஏற வருகிற பட்டணத்துப் பையன்கள் ஏதோ விஷமம் பண்ணுகிறார்கள் என்று முடிவு செய்தேன்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. மாவு உடையும், சிமெண்ட் உடையும், எது உடையாது? சைக்கிள் டியூப்! பழைய டியூப்களை நறுக்கினேன், விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்து இழுத்துக் கட்டினேன். மேலே வெள்ளை பெயிண்ட். காய்ந்ததும் கறுப்பில் "செப்டம்பர் 14." ஐந்தும் புத்தம் புதுசு. பாறைக்கே அரைக்கச்சை கட்டின மாதிரி கம்பீரமாக இருக்கிறது. இனி உலகம் அழிந்தாலும் அது உடையாது.

அடுத்த வாரமே பரிசோதனைக்கு ஒருவர் வந்தார். ஸெலினா இல்லை, அவளுடைய அலுவலகத்து மனிதர், முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார், ஏணி ஏற முடியவில்லை. கீழேயே நின்று தொலைநோக்கியில் பார்த்தார். "அஞ்சும் முழுசா இருக்கே! பிரமாதம். அசைவே இல்ல" என்றார். தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஞ்சாயத்துக் காரியதரிசி க்ளெமென்ஸ் என் முதுகைத் தட்டினான். அந்தத் தாளை வைத்துத்தான் ஜூன் மாதச் சைக்கிள் விழாவுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். முந்நூறு பேர் வருகிறார்கள், சனிக்கிழமை மதியம் துறவியின் காலடியில்தான் ரிப்பன் வெட்டு. நான் வாயே திறக்கவில்லை. நல்லது செய்தவன் தம்பட்டம் அடிக்கக் கூடாது. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். அந்த விரிசலில் வருடா வருடம் கூடு கட்டும் சின்னக் காக்கைகள் இந்த வருடம் வரவில்லை. மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டுக் கோட்டைக் கோபுரத்துக்குப் போய்விட்டன. பெயிண்ட் வாசம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கல் வாளிக் கணக்கில் விழுகிறது. வெறும் ஒரு வாளி. வசந்த காலத்தில் பாறையும் தோல் உரிக்கத்தானே வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். லிவ்வுக்கு முத்தம்.

வலென்டி சித்தப்பா


ஸ்மிலோவ்
மே 24

அன்பு மகள் கிங்காவுக்கு,

எங்கள் வீட்டுக் கதவு உங்களுக்காக இப்போதே திறந்து கிடக்கிறது. உன் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். புதன்கிழமை விமானம் ஏறியதும் மூன்று பேரும் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவது, ஐந்து நாள் யாரும் அதைத் தொடக் கூடாது. பலே! மாப்பிள்ளை தாங்குவாரா? வெள்ளிக்கிழமை ராத்திரி ஒல்ஷினில் அப்பொலோனியா அம்மாவின் விடுதியில் தங்கல். சனிக்கிழமை காலை அங்கிருந்து கிளம்பி, கோட்டைகளைப் பார்த்துக்கொண்டு, மதியம் விழா நேரத்துக்குத் துறவியிடம். நான் அங்கே மஞ்சள் சட்டையோடு நிற்பேன். லிவ்தான் முதலில் வர வேண்டும், மணியடித்துக்கொண்டு.

அப்பொலோனியா அம்மாவின் கசகசா கேக்கைச் சாப்பிடுங்கள், காப்பியைக் குடிக்காதீர்கள்.

இங்கே எல்லாம் ஒழுங்கு. துறவிக்குக் கொஞ்சம் தெற்கே பாதையோரம் எனக்குக் கட்டிக்கொடுத்த மரக்குடிசையின் கதவு மட்டும் இறுகிவிட்டது, மூட முடியவில்லை. மழை ஈரத்தில் மரம் உப்பியிருக்கும். செதுக்கினேன், மறுபடி இறுகியது, மறுபடி செதுக்கினேன். இப்படியே போனால் கதவு முட்கரண்டி அளவுக்கு வந்துவிடும் என்று சித்தி கேலி செய்கிறாள். அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். மதிய வெயிலில் துறவிக்குக் கீழே நின்றால் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வருகிறது, பெரிய ஆள் பல்லைக் கடிக்கிற மாதிரி. "உனக்குத்தான் காதுல ஏதோ ஆகுது. டாக்டர்கிட்ட போ" என்றாள். போனேன். காது சுத்தமாக இருக்கிறதாம். இருபது வயதுப் பையன் காது என்றார் டாக்டர்.

கல் ஒரு தள்ளுவண்டி. அதற்கு மேல் இல்லை.

நான் உனக்குக் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. பயப்படும்படி எதுவும் எழுதவில்லை பார்.

பயணத்துக்குத் தூய கிறிஸ்டோபர் துணை.

வலென்டி சித்தப்பா


துறவிக்குத் தெற்கே, பாதையோரம்
ஜூன் 9, வெள்ளி, காலை பத்து மணி

கிங்கா,

இது ஒல்ஷினில் அப்பொலோனியா அம்மா கையால் உனக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்ததும் உட்கார்ந்து படி. லிவ்விடம் காட்டாதே. நாளை காலை நீங்கள் அந்தப் பாதையில் கிளம்பக் கூடாது. விடுதி வாசலில் கிழக்கே திரும்பினால் கார் சாலை, பத்தரை மணிக்குப் பேருந்து. சைக்கிள்களை அங்கேயே விட்டுவிட்டு அதில் ஏறி வாருங்கள். காரணம் கீழே.

நான் உனக்கு எழுதிய எல்லாவற்றையும் கூட்டித்தான் எழுதினேன். பன்றி நாற்பது கிலோ, நேரம் ஒன்றரை மணி. ஒன்றே ஒன்றை மட்டும் குறைத்து எழுதினேன். மார்ச்சில் கை நிறைய என்றது ஒரு வாளி. ஏப்ரலில் வாளி என்றது இரண்டு தள்ளுவண்டி. மே மாதம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, நீங்கள் வருகிறீர்களே என்று கட்டுகளுக்குப் புதிதாக ஒரு பூச்சு பெயிண்ட் அடிக்க ஏணி வைத்து ஏறினேன். அந்த உயரத்தில் நிற்பதற்கு ஒரு கல் திட்டு உண்டு. ஏப்ரலில் நான் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டிய டியூப் இப்போது ஒரு சாணுக்கு மேல் நாலு விரல். பெயிண்ட் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "14" என்று எழுதியிருந்தேன் இல்லையா, அந்த ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவில் என் கட்டைவிரல் படுத்துக்கொண்டது. உடையவில்லை மகளே. நான் சொன்ன மாதிரியே உடையவில்லை. இழுத்துக்கொண்டே போயிருக்கிறது.

அந்தப் பெண் சாட்சி என்று சொன்னது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. அது பாறையைப் பிடித்து வைக்கிற கட்டு இல்லை. பாறை நகர்ந்தால் உடைந்து நமக்குச் சொல்வதற்காக வைத்தது. அது நாலு தடவை சொல்லியிருக்கிறது. மூன்று தடவை நான் அதன் வாயைப் பூசி மூடினேன். கடைசியில் எதையுமே சொல்ல முடியாத ஒன்றைக் கட்டி, அவள் தேதியையும் எழுதி வைத்தேன். பரிசோதனைக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டது என் கைவேலைக்கு.

புதன்கிழமை அந்தத் திட்டு விழுந்தது. நான் நின்ற இடம். பதினொரு வண்டிக் கல். இப்போது ஏணி வைத்தாலும் எட்டாது, டியூபை அறுத்துக் கொண்டுவந்து யாரிடமும் காட்ட முடியாது.

உனக்குப் பத்துத் தடவைக்கு மேல் போன் செய்தேன். அணைத்திருந்தது. விடுதியிலும் யாரும் போனை எடுக்கவில்லை. ஸெலினாவின் அலுவலகம் திங்கள் வரை விடுமுறை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீயணைப்புக்குச் சொன்னேன். அவர்கள் க்ளெமென்ஸைக் கேட்டார்கள். நேற்றுப் பவனி முடிந்ததும் க்ளெமென்ஸ் பண்டிகைக் கோட்டோடு வந்து கழுத்தை நிமிர்த்திப் பார்த்தான். "அஞ்சும் முழுசா இருக்கு. தாள்ல கையெழுத்து இருக்கு. இப்ப என்ன வலென்டி?" என்றான். "அது டியூப்டா, நான் கட்டுனது. நான் ஏமாத்திட்டேன்" என்றேன். "ஆமா, பாறையையே நீதான் கட்டினே. போன வருஷம் கரடின்னு தீயணைப்பு வண்டியக் கூப்பிட்டியே, உன் பொண்டாட்டி கம்பளிக் கோட்டு கொடியில காஞ்சுது" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், பழக்கதோஷம். திங்கள்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பவனிக்கு நாலு பீடம் வைத்து, சுற்றிலும் பிர்ச் மரக்கன்றுகளை வெட்டி நட்டிருந்தார்கள். அவற்றையெல்லாம் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்து பாதைக்குக் குறுக்கே அடைத்தேன். கோயில் பெண்கள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பலகையில் "பாறை விழும், போகாதே" என்று எழுதி வைத்தேன். காலையில் பார்த்தால் அதன் கீழே யாரோ "பன்றியும் போகக் கூடாதா?" என்று எழுதியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களோ மரங்களை விழா அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்கள் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, ஒரு மரத்தை மெல்ல ஒதுக்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், திரும்பி வந்து மரத்தை நேராக நிறுத்திவிட்டுப் போனார்கள். அவ்வளவு மரியாதையானவர்கள். அவர்கள் துறவியைத் தாண்டும் வரை நான் மூச்சு விடவில்லை.

உன் சித்தி இன்று காலை வந்தாள். என் கையைத்தான் பார்த்தாள், கொப்புளம் உடைந்திருந்தது. "எத்தன வண்டி?" என்றாள். பதினொன்று என்றேன். "நீ பதினொண்ணுன்னா நாலு" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் நான் பதில் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏப்ரனை அவிழ்த்தாள், மரக்குடிசையிலிருந்து நாற்காலியை எடுத்து வந்து பாதைக்கு நடுவில் போட்டு, சமையலிலிருந்து அப்படியே கொண்டுவந்த கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கத்திலிருந்து இனி ஒரு ஈ போகாது.

அந்தப் பக்கம், வடக்குப் பக்கம்தான் காவலுக்கு ஆள் இல்லை. அங்கே நான் போக வேண்டும். நீங்களும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருவீர்கள்.

நீ இதைப் படித்ததும் என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா ஆரம்பித்துவிட்டார், எனக்குச் சொன்ன அதே துறவியை இப்போது என் பிள்ளைக்கும் சொல்கிறார் என்று நினைப்பாய். லிவ்வைப் பயமுறுத்த மாட்டேன் என்று மாதா மேல் ஆணையிட்டேன். அதை மீறுகிறேன். எனக்குச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை, அதனால் உறைக்குள் ஒன்று வைத்திருக்கிறேன். பனி உருகும்போது முதலில் உடைந்த கட்டின் ஒரு பாதி. நான் பூசியது இல்லை, ஸெலினா பூசியது, எழுத்தும் அவளுடையது: "செப்ட" என்பது வரை இருக்கும். ஓரத்தைத் தடவிப் பார். தேய்ந்திருக்காது, உளி பட்ட தடம் இருக்காது. இழுத்துப் பிளந்த மாதிரி இருக்கும். மாப்பிள்ளை சுரங்கப் பாதை தோண்டுகிறவர், அவரிடம் காட்டு. அவர் என்னை நம்ப வேண்டாம், அதை நம்பட்டும். நான் இத்தனை நாளாக இதைச் சாக்குக்கட்டியாக வைத்துக்கொண்டு குடிசையில் வாடகைக்கு விடும் சைக்கிள்களின் நம்பரை எழுதிக்கொண்டிருந்தேன்.

கடிதம் கொண்டு வருபவர் கட்டோவிட்சேயிலிருந்து வந்த பல் வைத்தியர். அவரும் என்னை நம்பவில்லை. கார் சாலையில் பதினோரு கிலோமீட்டர் கூடுதல், அதுவும் ஏற்றம் என்று முணுமுணுக்கிறார். அவருடைய முன்சக்கரக் காற்றைப் பிடுங்கி வைத்திருக்கிறேன், அந்த வழியாகத்தான் போவேன் என்று சத்தியம் செய்த பிறகு இப்போதுதான் அடித்துக்கொடுக்கப் போகிறேன். அவருக்கு ஒரு கேக் வாங்கிக் கொடு.

இன்னும் எழுதலாம். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் சத்தம் குழாய் வழியாக வருவது போல வரும், உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்துப் புல்வெளியில் நேற்று சாரணப் பிள்ளைகள் கூடாரம் போட்டிருந்தார்கள். இப்போது அங்கிருந்து சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிறது. ஒன்றிரண்டு இல்லை, நிறைய.

குன்றைச் சுற்றிப் போனால் நாற்பது நிமிடம். துறவியின் காலடியில் போனால் நாலு நிமிடம். "சுத்திதானே போறே?" என்று உன் சித்தி நாற்காலியிலிருந்து கேட்டாள். ஆமாம் என்றேன். இன்று காலையிலிருந்து அவள் என்னை நம்புகிறாள்.

லிவ்வின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை போடு. மணியை நான் எடுத்து வைத்திருக்கிறேன், குடிசையில் ஜன்னலோரம், நீல டப்பாவில். உங்கள் மூவரையும் கடவுள் கார் சாலையிலேயே வைத்துக் காப்பாற்றட்டும். வாழ்நாள் முழுக்க நான் சொன்ன எதையும் நீ நம்ப வேண்டாம் மகளே, எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிவிடு. இந்த ஒரு கடிதத்தை மட்டும் நம்பு.

உன்
வலென்டி சித்தப்பா

அந்தக் கட்டின் பாதியை உடையாமல் வைத்துக்கொள். மற்றப் பாதி என் சட்டைப் பையில் இருக்கிறது. நீங்கள் வந்ததும் பொருத்திப் பார்ப்போம்.